தறியில் உட்கார்ந்த ஆராய்ச்சியாளர்

 இந்த வருஷம் கொடைக்கானலில் கூடுகிறோம். பழனி மலைக்குக் கீழே, திண்டுக்கல் பக்கம் ஒரு நெசவு ஆலையில் எனக்கு வேலை. சின்னாளபட்டிக் கைத்தறியை நான் அடிக்கடி போய்ப் பார்ப்பதைக் கண்டு, மில்காரனுக்கு அங்கே என்னப்பா வேலை என்று கேட்கிறார்கள். பதிலாக எத்தல் மைரே கதையைச் சொல்லுவேன்.

1872இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்டபிள் ஊரில் பிறந்தவர். படித்தது என்னவோ பியானோ! 1902இல், சர் முத்து குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமியை மணந்து, மறு வருஷம் இலங்கை வந்தார். கணவர் மண்ணியல் ஆய்வுக்காக ஊர் ஊராகப் போக, இவரும் கூடப் போய் நெசவையும் பூத்தையலையும் கவனித்தார், படம் பிடித்தார். 1908இல் வெளிவந்த, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய புகழ்பெற்ற நூலில் இவர் எடுத்த படங்கள் ஏராளம். ஆசிரியர் பெயர் மட்டும் கணவருடையது.

பிறகு அந்த மணவாழ்க்கை முறிந்தது. நாற்பதை நெருங்கும் வயதில்தான் தறியில் உட்கார்ந்தார். 1913இல் பிலிப் மைரேயை மணந்தார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார். மஞ்சிட்டி வேரோடு படிகாரம் சேர்த்தால் சிவப்பு, இரும்பு உப்பு சேர்த்தால் ஊதா, பழுப்பு என்று போகும். நம்ம டையிங் லேபில் மனப்பாடம் செய்த விஷயத்தை அந்த அம்மா சொந்த அடுப்பில் கொதிக்க வைத்துப் பார்த்தவர்.

டிட்ச்லிங் கிராமத்தில் அவர் நடத்திய காஸ்பல்ஸ் பட்டறைதான் அவருடைய கல்லூரி. அங்கே பழகிய மரியான் ஸ்ட்ராப் பின்னாளில் வேல்ஸ் கம்பளி ஆலைகளுக்கும் லண்டன் ரயில் இருக்கைகளுக்கும் துணி வடிவமைத்தார். கைத்தறி, ஆலைக்கு எதிரி அல்ல, அதன் சோதனைக்கூடம் என்பதுதான் மைரேயின் கட்சி. நானும் அதே கட்சி. புது நூலை நேராக ஏர்ஜெட் தறியில் ஏற்றினால், பாவு சுற்றி, அச்சுக் கோத்து, மீட்டர் மீட்டராக ஓடிய பிறகுதான் துணி விறைப்பு என்று தெரியவரும். கைத்தறியில் ஒரு முழம் போதும். கம்ப்யூட்டர் திரை டிசைனைக் காட்டும். விரலுக்குத் துணி எப்படி இருக்கும் என்று காட்டாது, தம்பிகளே.

1937இல் தொழில்துறைக்கான ராயல் டிசைனர் விருதைப் பெற்ற முதல் பெண் இந்தக் கைத்தறிக்காரர்தான். 1939 முதல் பிரைட்டன் கலைக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1950இல், டாக்டருக்குப் படித்த பீட்டர் காலிங்வுட் வைத்தியத்தை விட்டுவிட்டு இவரிடம் நெசவு பழக வந்தார். அடுத்த இரண்டு வருஷத்தில், 1952 நவம்பரில், மைரே காலமானார்.