பதக்கம் கொடுத்தார்கள், வேலையைப் பறித்தார்கள்!

லியோனார்டு மாட்லோவிச் அமெரிக்க விமானப்படை வீரர். வியட்நாம் போரில் காயம்பட்டவர். பதக்கங்கள் பெற்றவர். அப்படிப்பட்டவரைப் படையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அவர் போருக்குப் பயந்து ஓடினாரா? இல்லை. திருடினாரா? அதுவும் இல்லை. தம்மைப் பற்றிய ஓர் உண்மையைச் சொன்னார். அதுதான் அவர் செய்த குற்றம்!

பட்டாளத்துப் பிள்ளை

1943-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகரில் மாட்லோவிச் பிறந்தார். தந்தையும் விமானப்படைக்காரர்தான். 1963-ல் மகனும் அதே படையில் சேர்ந்தார்.

வியட்நாமுக்கு மூன்று முறை தாமாகவே முன்வந்து போனார். எதிரிகள் இருவரைக் கொன்றதற்காக வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. பிறகு கண்ணிவெடி வெடித்துப் படுகாயம் அடைந்தார். அதற்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

மனதில் ஒரு பாரம்

ஊருக்கு அவர் வீரர். உள்ளத்திலோ ஓயாத அச்சம். அவருடைய மனம் பெண்களை நாடவில்லை; ஆண்களையே நாடியது. சிலருக்கு இயல்பே அப்படித்தான். ஆனால் அவர்களுக்குப் படையில் இடம் இல்லை என்பது அந்நாளைய விதி. ஆகவே பல ஆண்டுகள் அதை யாருக்கும் சொல்லாமல் வாழ்ந்தார்.

போருக்குப் பின் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. கறுப்பரும் வெள்ளையரும் சமம் என்று வீரர்களுக்குப் பாடம் சொன்னார். எல்லாரும் சமம் என்றால் தாமும் அதில் சேர்த்திதானே என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்தது.

ஒரே ஒரு கடிதம்

1975-ம் ஆண்டு மார்ச் மாதம். வர்ஜீனியாவில் உள்ள லாங்லி விமானத் தளத்தில் மேலதிகாரியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். தமது இயல்பை அதில் எழுதி, படையில் நீடிக்க அனுமதி கேட்டிருந்தார்.

விசாரணை நடந்தது. செப்டம்பரில் 'டைம்' பத்திரிகை அவருடைய படத்தை அட்டையில் போட்டது. நாடெங்கும் அதே பேச்சு! இனி ஆண்களுடன் உறவு கொள்வதில்லை என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். பொய்யாக ஒரு கையெழுத்துப் போட அவர் சம்மதிக்கவில்லை. அக்டோபரில் வேலை போயிற்று.

கோர்ட்டில் வெற்றி

மாட்லோவிச் வழக்குத் தொடர்ந்தார். 1980-ல் நீதிபதி கெசெல் அவரை மறுபடி வேலையில் சேர்க்கும்படி உத்தரவிட்டார். திரும்பிப் போனாலும் வேறு காரணம் காட்டி வெளியேற்றுவார்கள் என்று மாட்லோவிச் அஞ்சினார். எனவே 1 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பெற்றுக்கொண்டு சமரசம் செய்துகொண்டார்.

பெயர் இல்லாத கல்

1988-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி எய்ட்ஸ் நோயால் அவர் காலமானார். அப்போது வயது 44. வாஷிங்டன் நகரில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

சமாதியின் தலைக்கல்லை உயிரோடு இருக்கும்போதே அவர் தயார் செய்திருந்தார். அதில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. தம்மைப் போன்ற எல்லா வீரர்களுக்கும் அது நினைவுக் கல்லாக இருக்கட்டும் என்பது அவர் விருப்பம். இருவரைக் கொன்றதற்குப் பதக்கமும், ஒருவரை நேசித்ததற்கு வேலை நீக்கமும் கிடைத்ததை அந்தக் கல் சொல்கிறது.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி, தன்பாலினரைத் தடுத்த சட்டம் அமெரிக்கப் படைகளில் ஒழிந்தது. அதைப் பார்க்க மாட்லோவிச் உயிரோடு இல்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த வீரர்கள், தாங்கள் யாரை நேசிக்கிறோம் என்பதை மறைக்காமலே சீருடை அணிந்தார்கள்.