போதிதருமரும் பசறை வீதிப் பிள்ளைகளும்

பதுளையிலிருந்து பசறை போகும் வழியில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் ஞாயிறுதோறும் கராத்தே வகுப்பு நடக்கிறது. இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள பிள்ளைகளிடம் கேட்டேன். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதருமர் சீனாவுக்குப் போய், ஷாவோலின் மடத்தில் கற்றுக்கொடுத்தது என்றார்கள்.

2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படம் இந்தக் கதையை எங்கள் லயங்கள்வரை கொண்டுவந்தது. போர் முடிந்து இரண்டு வருடங்கள். தலைநிமிர்ந்து சொல்ல ஏதாவது வேண்டியிருந்த காலம். நானும் நம்பினேன். பிறகுதான் தேடிப் படித்தேன்.

போதிதருமர் சுமார் 1,500 வருடங்களுக்கு முன் சீனாவில் வாழ்ந்த பௌத்தத் துறவி. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று அவருடைய சீடர் தான்லின் எழுதிவைத்தார். 547இல் யாங் சுவான்சி எழுதிய நூலோ அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. இரண்டிலும் காஞ்சிபுரம் இல்லை. அவர் கற்பித்தது தியானம். சீடர் ஹுய்கே வழியாக வளர்ந்து, சீனாவில் சான் என்றும் ஜப்பானில் ஸென் என்றும் பெயர்பெற்றது அதுதான்.

ஷாவோலின் துறவிகள் 621இல் தாங் அரசுக்காகப் போரிட்டார்கள். ஆனால், உடற்பயிற்சியை அவர்களுக்குக் கொடுத்தவர் போதிதருமர் என்ற கதை, 1624 என்று திகதியிட்ட 'யிஜின்ஜிங்' நூலோடுதான் தொடங்குகிறது. இடைவெளி ஆயிரம் வருடங்களுக்கு மேல். கராத்தே, ஒகினாவா தீவு மக்கள் தங்கள் கைச்சண்டையோடு தென்சீன முறைகளைக் கலந்து உருவாக்கியது. ஃபுனகோஷி என்ற ஒகினாவா ஆசிரியர் 1922இல் அதை டோக்கியோவில் செய்து காட்டினார்.

அவரைப் பற்றி ஜப்பானில் இன்னொரு கதை உண்டு. தியானத்தில் தூக்கம் வந்ததால் கண்ணிமைகளை அறுத்தெறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் தேயிலை முளைத்ததாம். சீனர்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேநீர் குடித்தவர்கள். ஆனாலும் இந்தக் கதையைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிக்கவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, பெரட்டுக்கும் கொழுந்து மலைக்கும் ஓடும் அம்மாக்களின் பிள்ளைகள் அவர்கள். தேயிலைக்காகத் தூக்கத்தை இழப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

அப்படியென்றால் அவர் நம்மவர் இல்லையா என்று ஒரு சிறுமி கேட்டாள். தென்னிந்தியராக இருந்திருக்கலாம், சண்டை கற்பித்ததற்குத்தான் ஆதாரம் இல்லை என்றேன். அவள் முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. வீரக் கதைகளைக் கேள்வி கேட்காமல் ஏற்றதன் விலையை நாம் அறிவோம். அதனால்தான் மழுப்பவில்லை.

ஒகினாவாக்காரர்களும் சிறிய தீவின் எளிய மக்கள்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வரிசையில் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து பயிற்சியைத் தொடர்ந்தாள்.