கடனைத் தீர்த்த கதை மன்னர்

குட்டீஸ், வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையை விளையாட்டு போலக் காட்டி, நண்பர்கள் தலையில் கட்டிய டாம் சாயரைத் தெரியுமா? அந்தக் குறும்புக்காரனைப் படைத்தவர் மார்க் ட்வெய்ன். அவருடைய வாழ்க்கையும் ஒரு கதை போலத்தான் இருக்கும். கேளுங்கள்!

அமெரிக்காவின் மிசவுரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய நகரம் ஹானிபல். 1819ல் உருவான ஊர் இது. 1835 நவம்பர் 30ல் பிறந்த சாமுவேல் கிளெமென்ஸ் என்ற சிறுவன், நான்கு வயதில் பெற்றோருடன் இங்கே குடிவந்தான். ஆறு, குன்று, குகை என்று நண்பர்களுடன் சுற்றித் திரிந்தான்.

1847ல் அவனுடைய தந்தை இறந்துவிட்டார். அப்போது சாமுக்கு 11 வயதுதான். படிப்பு சீக்கிரமே நின்றுபோக, அச்சகத்தில் வேலை பழகச் சென்றான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையால் அச்சுக்கோர்ப்பதுதான் வேலை.

ஆனாலும் ஆற்றில் போகும் நீராவிக் கப்பல்களின் மீதே அவன் கண். ஆசைப்பட்டபடியே 1859ல் கப்பல் செலுத்தும் உரிமம் பெற்றார் சாமுவேல். ஆற்றின் ஆழத்தைக் கயிறு விட்டு அளப்பார்கள். இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம் இருந்தால், மார்க் ட்வெய்ன் என்று குரல் கொடுப்பார்கள். கப்பல் தரைதட்டாது என்று அதற்கு அர்த்தம்! 1863ல் அதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

1876ல் டாம் சாயர் கதை வெளிவந்தது. கதையில் வரும் ஊருக்கு வேறு பெயர் வைத்தாலும், அது ஹானிபல்தான்! பெயரும் பணமும் குவிந்தன.

ஆனால், அந்தப் பணம் நிலைக்கவில்லை. தானாக அச்சுக்கோர்க்கும் இயந்திரம் ஒன்று தயாராவதை அறிந்து, அதில் பெரும் பணத்தைப் போட்டார். சிறு வயதில் அந்த வேலையின் கஷ்டத்தைப் பட்டவர் அல்லவா? இயந்திரமோ அடிக்கடி பழுதாகி, பயன்படாமலே போனது. 1894ல் அவருடைய பதிப்பகமும் திவாலானது.

கடன் முழுவதையும் அடைக்க வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் ஒரு காசு பாக்கியில்லாமல் கொடுத்துவிடத் தீர்மானித்தார். 1895ல், கிட்டத்தட்ட 60 வயதில், மேடைகளில் பேசிச் சம்பாதிக்க உலகம் சுற்றப் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று நீண்டது பயணம். 1896ல் மும்பை, காசி, கொல்கத்தா எல்லாம் வந்திருக்கிறார்!

பயணம் முடிந்த சில வாரங்களில் பெரிய இடி விழுந்தது. அமெரிக்காவில் இருந்த மூத்த மகள் சூசி காய்ச்சலில் இறந்துபோனாள். இங்கிலாந்தில் இருந்த அவரால் மகளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தத் துயரத்திலும் எழுதுவதை நிறுத்தவில்லை. பயண அனுபவங்களைப் புத்தகமாக்கினார். 1898ல் கடன் முழுவதும் தீர்ந்தது.

அவர் வளர்ந்த வீடு, 1912 முதல் ஹானிபல் நகரில் நினைவில்லமாக இருக்கிறது. டாமுக்கும் அவனுடைய நண்பன் ஹக்குக்கும் 1926ல் அங்கே சிலையும் வைத்தார்கள்.

இன்னொரு அதிசயமும் உண்டு, குட்டீஸ்! அவர் பிறந்த 1835ல் ஹாலி வால்நட்சத்திரம் வானில் தெரிந்தது. அவர் மறைந்த 1910லும் அது வந்திருந்தது! மீண்டும் 2061ல் வரும். அப்போது உங்கள் குழந்தைகளுக்கு அதைக் காட்டி, இந்த நாணயமான மனிதரின் கதையையும் சொல்லுங்கள்!