மெக்லாரன் காரைத் தெரியும்... மெக்லாரன் யார் என்று தெரியுமா?

ஃபார்முலா ஒன் பந்தயம் சிங்கப்பூருக்கு வந்தாலே மரினா பே பக்கம் பப்பாளிப்பழ நிறச் சட்டைகள் கண்ணில் படும். மெக்லாரன் அணியின் நிறம் அது.

2025 அக்டோபர் 5ஆம் தேதி இரவு இங்கே முதலில் வந்தது மெர்சிடிஸ் கார்தான். ஆனால் அணிகளுக்கான உலகப் பட்டத்தை மெக்லாரன் அன்றே உறுதிசெய்துகொண்டது.

மெக்லாரன் என்பது ஏதோ நிறுவனத்தின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு மனிதரின் பெயர். புரூஸ் மெக்லாரன். நியூசிலந்துக்காரர். 32 வயதில் இறந்துபோனார்.

போட்டியில் அல்ல... போட்டிப் பருவம் தொடங்குமுன் நடந்த சோதனை ஓட்டத்தில்.

சோதனை ஓட்டத்தில் என்ன நடக்கும்?

புதிய காரை யாரும் நேராகப் போட்டிக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் வெள்ளோட்டம். இயந்திரம் கொதிக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, பிரேக் பிடிக்கிறதா எல்லாம் அப்போதுதான் தெரியும்.

இந்தக் காலத்தில் பஹ்ரைனில் சோதனை நடக்கும்போது கார் நடுவழியில் நின்றுவிட்டால் ரசிகர்கள் பதறிப்போகிறார்கள். பழுதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனை? அங்கே நிற்காமல் போட்டியில் நின்றால்தான் வம்பு.

இப்போது காரெங்கும் உணர்கருவிகள். 1960களில் அதெல்லாம் ஏது? ஓட்டுபவரின் காதும் முதுகும்தான் கருவி. அந்த வேலையில் மெக்லாரன் கெட்டிக்காரர்.

கட்டிலில் கழிந்த சிறுவயது

1937 ஆகஸ்ட் 30ஆம் தேதி ஆக்லந்தில் பிறந்தார். அப்பா பெட்ரோல் நிலையமும் கார் பட்டறையும் வைத்திருந்தார்.

ஒன்பது வயதில் இடுப்பு எலும்பைத் தாக்கும் நோய் வந்தது. மருத்துவ இல்லத்தில் காலைக் கட்டிப்போட்டு நீண்டகாலம் படுக்க வைத்துவிட்டார்கள். எழுந்து நடந்தபோது இடது கால் வலது காலைவிடக் கட்டை. கடைசிவரை சற்று நொண்டித்தான் நடந்தார்.

அப்பா 1929ஆம் ஆண்டின் ஆஸ்டின் 7 கார் ஒன்றை வாங்கினார். பழசு. அப்பாவும் மகனும் பட்டறையிலேயே அதைச் சரிசெய்தார்கள். பதின்ம வயதில் அதை ஓட்டித்தான் முதல் போட்டியில் இறங்கினார் புரூஸ். அந்தக் குட்டிக் கார் இங்கிலாந்தில் மெக்லாரன் தலைமையகத்தில் இன்றும் நிற்கிறது.

பொறியியல் படிக்கச் சேர்ந்தார், முடிக்கவில்லை. 1958இல் உள்ளூர்ப் பந்தய அமைப்பு திறமையான இளையர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் போனவர் இவர்தான்.

அங்கே கூப்பர் அணியில் சேர்ந்தார். மறு ஆண்டே, 1959 டிசம்பரில், அமெரிக்காவின் செப்ரிங் பந்தயத்தில் வெற்றி! அணித்தோழர் ஜாக் பிராபமின் காரில் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட, அவர் இறங்கிக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெக்லாரனுக்கு அப்போது வயது 22.

தகர கத்தரிக்கோல்

1963இல் சொந்த அணி தொடங்கினார். சின்ன இடம், கொஞ்சம் ஆட்கள். 1964இல் அணியின் இளம் ஓட்டுநர் டிம்மி மேயர் டாஸ்மேனியாவில் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். அப்போதே மூட்டையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

மெக்லாரன் எப்படிச் சோதனை செய்வார் என்பதற்கு அணியினர் ஒரு கதை சொல்வார்கள். ஆரம்பகாலக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் ஊற்றும் இடத்தின் சின்ன மூடி படபடவென்று அடித்தது. வேகம் கூடக்கூட அதிகமாக அடித்தது. எதிர்க்காற்று அதை அமுக்கித்தானே வைக்க வேண்டும், இது ஏன் எழும்புது?

வேறொருவராக இருந்தால் மூடியை இறுகக் கட்டச் சொல்லியிருப்பார். இவர் யோசித்தார். முன்பக்கம் நுழையும் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே அடைந்து மூடியைத் தள்ளுகிறது. அப்படியென்றால் காரின் மூக்கையும் அது தூக்கத்தானே செய்யும்!

காரை நிறுத்தினார். தகரம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த உடற்பகுதியை வெட்டி ஓட்டை போட்டார். மறுபடி ஓட்டினார். சுற்று நேரம் குறைந்துவிட்டது.

எல்லாமே பழுது

1966இல் ஃபார்முலா ஒன் விதி மாறியது. இயந்திரத்தின் உச்ச அளவு ஒன்றரை லிட்டரிலிருந்து 3 லிட்டருக்கு ஏறியது. எல்லா அணிகளும் இயந்திரம் தேடி ஓடின.

மெக்லாரனுக்குக் கிடைத்தது அமெரிக்க இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கான 4.2 லிட்டர் ஃபோர்டு இயந்திரம். அதை 3 லிட்டராகச் சுருக்கினார்கள். கனம் அதிகம், சத்தம் காதைப் பிளக்கும், சக்தி மட்டும் போதவில்லை.

கார் என்னவோ புதுமையானது. எம்2பி என்று பெயர். விமான ஆய்விலிருந்து வந்த பொறியாளர் ராபின் ஹெர்ட் வடிவமைத்தார். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்த பலகையில் செய்தது. (அதே ஆண்டு வந்த 'கிராண்ட் பிரி' திரைப்படத்துக்காக அதற்கு வெள்ளையும் பச்சையும் பூசியிருந்தார்கள். பப்பாளி நிறம் வந்தது அடுத்த ஆண்டுதான்.)

மொனாக்கோவில் முதல் போட்டி. ஒன்பது சுற்றுதான், எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அடுத்து பெல்ஜியம். இத்தாலிய இயந்திரம் ஒன்றை மாட்டினார்கள். பயிற்சியிலேயே பேரிங் போய்விட்டது. போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. பிரிட்டனில் ஆறாம் இடம். அணியின் முதல் புள்ளி.

அதே ஆண்டு ஜூனில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை கிறிஸ் ஏமனுடன் சேர்ந்து ஃபோர்டு காரில் வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாடம் பிடிபட்டது

1967இல் வட அமெரிக்காவின் கேன்-ஆம் போட்டிக்கு எம்6ஏ என்ற காரைச் செய்தார்கள். பருவம் தொடங்க நிறைய நாள் இருக்கும்போதே கார் தயார். தென் இங்கிலாந்தின் குட்வுட் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். 1966இல் அங்கே போட்டிகள் நின்றுபோயிருந்தன, அப்போது சோதனை ஓட்டம் மட்டும்தான்.

மற்ற அணிகள் போட்டி நாளில் பழுது பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் பழுதையெல்லாம் குட்வுட்டிலேயே முடித்துவிட்டு வந்தார்கள். ஆறு பந்தயங்களில் ஐந்தில் வெற்றி. 1969இல் 11க்கு 11!

1968 ஜூனில் பெல்ஜியத்தில் ஃபார்முலா ஒன்னிலும் அணிக்கு முதல் வெற்றி. முன்னால் போன ஜாக்கி ஸ்டுவர்ட்டுக்குக் கடைசியில் பெட்ரோல் போதவில்லை. தான் ஜெயித்தது மெக்லாரனுக்கே உடனே தெரியாது.

1970 ஜூன் 2

1969 கேன்-ஆம் காரில் பெரிய இறக்கை இருந்தது. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். இது தலைகீழ், காரைத் தரையோடு அமுக்கும். உயரமான கம்பிகளில் நிறுத்தி, அந்த அழுத்தத்தை நேராகச் சக்கரங்களுக்குக் கொடுத்தார்கள். 1970இல் அத்தகைய இறக்கைக்குத் தடை வந்தது.

புதிய எம்8டி காரில் இறக்கையைத் தாழ்த்தி, பின்பக்க உடற்பகுதியில் இரண்டு வால்களுக்கு இடையே பொருத்தினார்கள். இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழற்றும் பகுதி அது.

அணிக்கு அப்போது நேரமும் சரியில்லை. மே மாதம் இண்டியானாபொலிஸ் பயிற்சியில் தீப்பற்றி டென்னி ஹல்மின் கைகள் வெந்துபோயின. முதல் கேன்-ஆம் பந்தயத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

ஜூன் 2ஆம் தேதி குட்வுட்டில் மெக்லாரனே புதுக் காரை ஓட்டினார். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது பின்பக்க உடற்பகுதி பிய்த்துக்கொண்டு போனது. இறக்கையும் அதோடு போயிற்று. அமுக்கிப் பிடித்த காற்று ஒரே நொடியில் இல்லை. கார் சுழன்று, தட ஊழியர்கள் நிற்பதற்காகக் கட்டிய மேட்டில் மோதியது. மெக்லாரன் அங்கேயே இறந்தார்.

வீட்டில் மனைவி, நான்கு வயது மகள்.

மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொல்லப்பட்டதாம். எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜூன் 14ஆம் தேதி கனடாவின் மோஸ்போர்ட் தடத்தில் இரண்டு பப்பாளி நிறக் கார்கள் நின்றன. மெக்லாரனின் இடத்தில் டேன் கர்னி. அவர் முதலில் வந்தார். வெந்த கைகளில் கட்டோடு ஓட்டிய ஹல்ம் மூன்றாவதாக வந்தார்.