பத்ருக்குப் போகாத பத்ரு ஸஹாபி

சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தீயில் வெந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் தகப்பனாரைப் பார்த்துக்கொள்ளும் வாலிபர் ஒருவர், ஜும்ஆ தவறிப்போகிறதென்று நம்மிடம் கண் கலங்கினார். அவருக்கு நாம் சொன்னது ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்களின் வரலாறு.

மக்கத்துச் செல்வந்த வணிகரான அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளார் ருகையா (ரலி) அவர்களை மணந்தார்கள். தீனுக்காக இருவரும் அபிசீனியாவுக்கும், பின்னர் மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தார்கள். ஹிஜ்ரி 2-இல் (கி.பி. 624) பத்ருக்குப் படை புறப்பட்ட வேளை, ருகையா நாயகி நோயுற்றிருந்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேரே கொண்ட சிறு படை. ஒவ்வோர் ஆளும் தேவை. அப்படியிருந்தும், மனைவியின் அருகிலிருந்து பணிவிடை செய்யுமாறு உதுமான் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்திவிட்டார்கள். கூலிக்கு ஆள் அமர்த்த வசதியில்லாதவர்களா அவர்கள்?

நோய் தீரவில்லை. அம்மையாரை அடக்கி மண்ணைச் சமன் செய்துகொண்டிருக்கையில்தான் வெற்றிச் செய்தியோடு ஜைது (ரலி) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தார்கள். பத்ரில் கலந்தவருக்குரிய நன்மையும் கனீமத் பங்கும் உதுமான் (ரலி) அவர்களுக்கும் உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

பின்னர் ருகையா நாயகியின் சகோதரி உம்முகுல்தூம் (ரலி) அவர்களை மணந்து துன்னூரைன் ஆனதும், கலீஃபாவாகி ஹிஜ்ரி 35-இல் ஷஹீதானதும் வாசகர்கள் அறிந்ததே. பத்ருக்குப் போகாததைப் பிற்காலத்தில் சிலர் குறையாகப் பேச, இப்னு உமர் (ரலி) அவர்கள் நடந்ததை விளக்கி அவர்கள் வாயை அடைத்தார்கள்.

கவனிக்க வேறு ஆளில்லாத நோயாளியைப் பேணுபவர் ஜும்ஆவுக்கு வராமல் வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம் என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஆனால் இந்த வாலிபருக்கு அண்ணன்மார் இருவர் அதே ஊரில் இருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை அவர்களில் ஒருவர் தகப்பனாரிடம் இருக்கவேண்டுமென்று சொல்லியனுப்பியிருக்கிறோம்.