உணவுத்தட்டில் விடை கண்ட மருத்துவர் லூசி வில்ஸ்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லும் கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை நன்கு பழக்கமானது. ஆனால் அந்தச் சத்து இருப்பதை உலகுக்கு முதலில் காட்டியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் விழிப்பார்கள். அவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். அவருடைய ஆய்வு நடந்த இடங்கள் பம்பாய், குன்னூர், சென்னை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் என்னை அவரிடம் இழுத்தது குன்னூர் என்ற பெயர்தான். நீலகிரியிலுள்ள அந்த ஊரும் நம் ஊரைப்போல ஒரு தேயிலை மலை.

லூசி வில்ஸ் 1888 மே 10ஆம் தேதி, பர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911இல் தேறினார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களைத் தேர்வு எழுத அனுமதித்தது. ஆனால் பட்டம் கொடுக்கவில்லை. அதே ஆண்டில் தந்தையையும், 1913இல் அக்காளையும் அவர் இழந்தார். பின்னர் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. கேப்டவுன் மருத்துவமனையில் தாதியாகத் தொண்டு செய்தார். அதன் பிறகே மருத்துவம் படிக்க முடிவெடுத்து, லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920இல் அவர் மருத்துவரானபோது வயது 32.

1928இல் இந்தியாவில் பணியாற்றிய மார்கரெட் பால்ஃபோர் என்ற மருத்துவரின் அழைப்பை ஏற்று, பம்பாயின் ஹாஃப்கின் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். பம்பாய் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பலர் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தச்சோகையால் அவதிப்பட்டனர். பலர் இறந்தும் போயினர். அவர்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. சாதாரண இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். ஆகவே இது வேறு நோய்.

ஏதோ ஒரு கிருமிதான் காரணமாக இருக்கும் என்று முதலில் ஐயம் எழுந்தது. அப்படி எதுவும் அகப்படவில்லை. அதனால் வில்ஸ் இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். வெவ்வேறு சமூகங்களையும் வருமான நிலைகளையும் சேர்ந்த பெண்களின் உணவை ஒப்பிட்டுப் பார்த்தார். புரதமும் காய்கறியும் பழமும் மிகக் குறைவாகக் கிடைத்த ஏழை முஸ்லிம் பெண்களிடமே இந்நோய் அதிகம் இருந்தது. குறை இருந்தது அவர்களின் தட்டில்.

அதை உறுதிசெய்ய, அப்பெண்களின் உணவையே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் இரத்தச்சோகை வந்தது. ஆனால் பேன் மூலம் பரவிய ஒரு தொற்றும் அதற்குக் காரணமாக இருந்தது பின்னர் தெரியவந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை, குரங்குகளை வைத்து ஆய்வைத் தொடர்ந்தார். மிகவும் நலிந்திருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்தபோது, அது வியக்கத்தக்க வகையில் தேறியது. நம் வீடுகளில் கஞ்சியில் கலந்து சாப்பிடும் அதே மார்மைட்தான். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் மலிவான பொருள்.

பின்னர் கர்ப்பிணிகளுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார். அவர்களும் குணமடைந்தனர். அப்போது புகழ்பெற்றிருந்த ஈரல் சாறும் பலன் தந்தது. ஆனால் சுத்திகரிக்கப்பட்ட ஈரல் சாறு பலன் தரவில்லை. எனவே, ஏற்கெனவே அறியப்படாத ஏதோ ஒரு சத்து ஈஸ்ட்டிலும் ஈரலிலும் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தம் ஆய்வை வெளியிட்டார். அச்சத்துக்கு ‘வில்ஸ் காரணி’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

இந்த ஆண்டுகளில் அவர் ஒரே இடத்தில் இருக்கவில்லை. 1929இல் குன்னூர் பாஸ்டர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மக்காரிசன் அங்கே இருந்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். நம் கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1929இல்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் இங்கே காடழித்துத் தேயிலை நட்ட காலத்தில், அவர்கள் விட்டுவந்த மண்ணில் பெண்களின் இரத்தத்தைப் பற்றிய இந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தது.

1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் தேடிய சத்து அதுவே. புதிய செல் உருவாக டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. உருவாக இச்சத்து வேண்டும். இது இல்லாவிட்டால் செல் பெருக்குமே தவிரப் பிரியாது. பம்பாய்ப் பெண்களின் இரத்தத்தில் பெருத்த அணுக்கள் காணப்பட்டது இதனால்தான்.

போர்க்காலத்தில் லண்டனில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அதன் பலனையும் வில்ஸ் ஆராய்ந்தார். 1947இல் ஓய்வுபெற்ற பிறகும் ஜமைக்கா, பீஜி போன்ற நாடுகளுக்குச் சென்று மக்களின் உணவையும் இரத்தச்சோகையையும் கவனித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குச் சைக்கிளில் போவதையே விரும்பினார். 1964 ஏப்ரல் 16ஆம் தேதி காலமானார்.

அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 1991இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அவர் கண்டதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றது. முதுகுத்தண்டுக் குறைபாடுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்கள், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், அடுத்த குழந்தைக்கு அக்குறை வரும் ஆபத்து ஏறத்தாழ முக்கால் பங்கு குறைகிறது என்று அது காட்டியது. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் சுமார் 28 நாளில் மூடிவிடும். தாம் கர்ப்பமாக இருப்பதே அதற்குள் பல பெண்களுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளும்படி உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. திருமண வயதை நெருங்கும் நம்மைப் போன்றோர் இதை இப்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உலகில் கர்ப்பிணிகளில் மூவரில் ஒருவருக்கு மேல் இன்றும் இரத்தச்சோகை உள்ளது. அதில் இரும்புச்சத்துக் குறைவே பெரும் பங்கு வகிக்கிறது. எங்கள் தோட்டத்தில் பெண்கள் விடியுமுன் எழுந்து சமைத்து, எல்லாருக்கும் பரிமாறி, மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடுவதைப் பார்த்தே வளர்ந்தேன். தலைசுற்றல், மூச்சுவாங்குதல், ஓயாத களைப்பு எல்லாவற்றையும் வேலைக் களைப்பு என்றே சொல்லிவிடுவார்கள். சோற்றோடு சூடான தேத்தண்ணீரும் இருக்கும். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது. கீரை, பயறு, பருப்பு வகைகளில் ஃபோலிக் சத்து உண்டு. அதிக நேரம் வேகவைத்தால் அது குறைந்துவிடும்.

நண்பர்களே, லூசி வில்ஸ் நோயாளியின் இரத்தத்தைப் பார்த்ததோடு நிற்காமல், அவள் என்ன சாப்பிட்டாள் என்றும் கேட்டார். அந்தக் கேள்வியை நம் வீட்டில் நாமும் கேட்கலாம். இன்று இரவு அம்மா என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள். களைப்பு தீரவில்லை என்றால் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.