தெருவைக் கேட்டு வாங்கிய கணக்கர்



காலையில் பால் வாங்க நம் குரும்பகரம் தெருவில் நடக்கிறீர்களே, அப்படி நடப்பதற்கே ஒருவர் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். நீலகிரியில் வெள்ளையர் கம்பெனியில் கணக்கர். (பேரேட்டோடு காலம் தள்ளிய எனக்கு அதனால் கூடுதல் பிரியம்.)

1893-இல் சென்னையில் 'பறையன்' என்ற பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அதையே தலைப்பாக்கிய துணிச்சலைக் கவனியுங்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. ஊர் திரும்பும்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, நம்மில் பலர் பென்ஷன் வாங்கும் வயது! அதற்கப்புறம்தான் 1923-இல் சட்டசபை உறுப்பினரானார்.

1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் இதுதான்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கக் கூடாது. நிறைவேறியது, செப்டம்பரிலேயே அரசாணையும் வந்தது. அதில் அவர் சலுகை எதுவும் கேட்கவில்லை பாருங்கள். எல்லாருடைய வரிப்பணத்திலும் போட்ட பாதையைத்தான் கேட்டார். கணக்கர் புத்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆணை வந்ததும் ஊர்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நம் காரைக்காலோ அப்போது பிரெஞ்சு ஆட்சியில். அந்த ஆணை தஞ்சை மாவட்ட எல்லையோடு நின்றுவிட்டது.

1930-லும் 1931-லும் டாக்டர் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாடுகளுக்குப் போய்வந்தார். தம் வாழ்க்கையைச் சுருக்கமாக ஒரு சிறு நூலில் எழுதி வைத்துவிட்டு, 1945 செப்டம்பரில் காலமானார்.